புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகலையா? கடலோரப் பழைய கார்களில் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

வெள்ளிக்கிழமை நன்றாக ஓடிய கார், திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க." நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து மாற்றிய இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே 'டிக் டிக்'. 10, 15 வருஷம் ஓடிய மாருதி 800, சான்ட்ரோ, ஆல்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

கல்பாக்கம் பக்கம் இதற்கு இரண்டு கூடுதல் காரணங்கள் உண்டு. டவுன்ஷிப்பில் பலர் வேலைக்கு பஸ்ஸில் போய்விடுவார்கள். கார் வாரம் முழுக்க நிற்கும். எடுத்தாலும் புதுப்பட்டினம் கடைத்தெரு வரைதான். அந்தத் தூரத்தில் ஆல்டர்னேட்டர் பேட்டரியை முழுதாக சார்ஜ் பண்ண நேரமே கிடைக்காது. பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

இரண்டாவது, உப்புக் காற்று. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக அரிப்பை ஆராயத் தனிப் பிரிவே இருக்கிறது. வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே காரணம் புரியும்! உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காரில் அது முதலில் பிடிப்பது பேட்டரி டெர்மினலையும், நெகட்டிவ்விலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் 'எர்த்' ஒயர்களின் போல்ட்டுகளையும்.

லைட் எரியுது, ஸ்டார்ட் ஆகல. ஏன்?

சின்ன கார் ஸ்டார்ட்டர் மோட்டாரே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 2 வோல்ட் காலி. ரூம் லைட்டுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் அது ஜம்முனு எரியும். ஹெட்லைட் போட்டால் இண்டிகேட்டர் மங்குவது, ஹார்ன் அடித்தால் மீட்டர் முள் ஆடுவது மாதிரி விசித்திரங்கள் வந்தாலும் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் இருக்கணும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் காரை எடுக்கும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரணும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனியுங்கள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்கு சோடா உப்பு கலந்த வெந்நீர் போதும். பேட்டரிக்குள் மட்டும் அது போகக்கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ராத்திரியில் குடிப்பது யார்?

நிறுத்திய காரும் கடிகாரம், ஈசியூ நினைவகத்துக்காகக் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். 50 மில்லிஆம்பியர் வரை கவலை வேண்டாம். அதுவே 300 ஆனால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர்; 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி.

அளப்பது எளிது. எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் சேருங்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும். அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் 'டக்'குனு இறங்குதோ, கசிவு அந்த லைனில்தான்.

என் முதல் சந்தேகம் எப்போதும் வெளியில் மாட்டிய ஆடியோ செட் மேல்தான். மஞ்சள் ஒயர் நேரடி பேட்டரிக்கு, சிவப்பு ஒயர் சாவி வழியாக வரணும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். சில செட்கள் பிறகு முழுதாகத் தூங்குவதே இல்லை. ரிமோட் லாக், டேஷ்கேம், அணையாத டிக்கி லைட் எல்லாம் அடுத்த வரிசை. எந்த ஃபியூஸை எடுத்தும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரில் டயோடு பழுதாகியிருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அடிக்கடி ஒரே ஃபியூஸ் போகிறது என்று 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், செம்புக் கம்பி சுற்றுவதும் ஆபத்து. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் சூடாகி டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கலாம்.

பத்து நாள் ஊருக்குப் போறீங்கன்னா நெகட்டிவ்வைக் கழற்றி வைத்துவிட்டே போகலாம். வந்ததும் கடிகாரத்தையும் எஃப்.எம். ஸ்டேஷன்களையும் மறுபடி செட் பண்ணணும், சில ஆடியோ செட்கள் கோடு கேட்கும். ரிமோட் வேலை செய்யாது என்பதால் சாவியால் பூட்டித் திறக்க முடிகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். கடலோரக் கார்களில் பூட்டும் துருப்பிடித்து இறுகியிருக்கும்.