ஜலதோஷமும் கச்சேரியும்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழி மாலையில், சென்னையின் சபா ஒன்றில், வித்வான் தோடியை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டு, மேல் ஷட்ஜத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்று நிதானித்த அந்தக் கணத்தில், எனக்கு முன் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், வெகுநேரமாக அடக்கி வைத்திருந்த இருமலைத் தாங்கமாட்டாமல், மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பிறகு, யாருக்கும் தொந்தரவாகக் கூடாதென்ற நல்லெண்ணத்தோடு, இருமல் மிட்டாயின் தாளை மெதுவாக, மிக மெதுவாகப் பிரிக்கலானார். அந்தச் சரசரப்பு இருமலைவிட நீண்டநேரம் கேட்டது.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. ராகத்தின் ஒவ்வொரு பிடிக்கும் தலையசைத்த உண்மையான ரஸிகர் அவர். வரிசையின் நடுவே அகப்பட்டுக்கொண்டு, எழுந்தால் பத்துப் பேரின் முழங்காலை உரசிக்கொண்டே போகவேண்டுமே என்ற சங்கடந்தான் அவரை அங்கேயே இருத்திவிட்டது. அந்தச் சங்கடத்தைப் பிற்பகலிலேயே, வீட்டிலேயே தவிர்த்திருக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கச்சேரிக் காலமும் ஜலதோஷக் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இதில் சிக்கல். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு வருஷமே மியூசிக் அகாடமி தோன்றிற்று. அதன் பின்னர் வேரூன்றிய டிசம்பர்க் கச்சேரிகளோ பனிக்காலத்தோடு இணைந்துவிட்டன. ஆனால் ஜலதோஷம் பனியால் மட்டும் வருவதன்று, கிருமியால் பரவுவது. இன்புளூயென்சாவோ, அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, தோன்றிய பின்னும் 5 முதல் 7 நாட்கள் வரை பிறரைத் தொற்றக்கூடியது. கதவடைத்த அரங்கில் மூன்று மணி நேரம் தோளோடு தோள் சேர்ந்து உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவர் எண்பது வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம்.

ஆகவே, ஜுரம் இருந்தால் போகவேண்டாம். டிக்கெட்டை அடுத்த வீட்டு மாணவனுக்குக் கொடுத்துவிடுங்கள். ஜுரம் தணிந்து, தொண்டைக் கரகரப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், முகக்கவசம் அணிந்து, வாசலை ஒட்டிய ஓர இருக்கையைத் தேடி அமருங்கள். பனங்கற்கண்டையோ அதிமதுரத் துண்டையோ தாளில்லாமல் கைக்குட்டையில் முடிந்துகொள்ளுங்கள். இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுங்கள். நிற்காதென்று தெரிந்தால் பாட்டு முடியக் காத்திராமல் வெளியேறிவிடுங்கள். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவது மிருதங்க வித்வானுக்குச் செய்யும் அவமரியாதை என்று நானே பலமுறை வாதாடியிருக்கிறேன்; ஆயினும், இருமலால் மூச்சுத் திணறுகிறவர் எப்போது எழுந்து போனாலும் அது அவமரியாதை ஆகாது.

இன்னொன்றையும் மனப்பூர்வமாக வேண்டிக்கொள்கிறேன். வீணையில் தந்தி அறுந்தால் வேறு தந்தி கட்டிவிடலாம். குரல்நாண்கள் வீங்கிவிட்டால் பாடகர் எதை மாற்றிக்கொள்வார்? சீசனில் அவருக்கு மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் வேறு சபாக்களில் கச்சேரி இருக்கும். எனவே, கச்சேரி முடிந்ததும் மேடையேறி அவர் கையைப் பற்றிப் பாராட்டும் பழக்கம் உடையவர்கள், ஜலதோஷம் உள்ள நாட்களில் வாசலோடு வீடு திரும்பட்டும். பாராட்டை மறுநாள் நாலு வரிக் கடிதமாக எழுதியனுப்பலாம்.