பை நிறைந்தது, கை வெடித்தது!

மார்கழிப் பனி இறங்கும் காலத்தில், நீலகிரி மலைப் பங்கு ஒன்றில் பணிபுரியும் நாம், இறைமக்களின் முகங்களைக் காட்டிலும் அவர்தம் கைகளையே மிகுதியும் காண்கிறோம். நற்கருணைக்காக நீளும் கைகள் அவை. தேயிலைக் கொழுந்து பறித்த விரல்களில் கறை படிந்த கீறல்கள். குளிர்ந்த நீரில் காரட் கழுவிய உள்ளங்கைகளில் இரத்தம் கசியும் வெடிப்புகள். இதே கைகள்தாம் கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில், கோவை ஒப்பணக்காரர் வீதியிலிருந்து கனத்த பைகளைச் சுமந்துகொண்டு மலை ஏறும் பேருந்தைப் பிடிக்கின்றன.

சென்ற ஜனவரியில் ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனின் மூன்றாம் பருவக் கட்டணம் கட்ட வழியில்லை; காதுத் தோடு அடகுக் கடையில் இருந்தது. “விழாவுக்கு அவ்வளவு செலவாயிற்றா?” என்றோம். “தள்ளுபடி என்றார்கள், சாமி. விட்டுவிட்டால் மறுபடி கிடைக்காது என்று தோன்றிற்று” என்றார். தேவைக்கு மேல் எடுத்த துணிகள். மகள்மாருக்கென்று முகக் களிம்புப் பெட்டி ஒன்று. சொல்லிக்கொண்டே முந்தானையால் கைகளை மறைத்துக்கொண்டார். அக்கைகளுக்குத் தடவ அவர் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.

விழாவைச் சுருக்கிக் கொண்டாடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. விழாவுக்காக உழைப்பவரே விழாவன்று களைத்து, கடன்பட்டு, கை வெடித்து நிற்கலாகாது என்பதே நம் கருத்து.

முதலாவது, கடைக்குச் செல்லுமுன் வீட்டில் கணக்குப் பார்ப்போம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, குடும்பச் செபம் முடிந்ததும் யாவரும் கூடி அமருங்கள். ஜனவரியில் கட்ட வேண்டிய கட்டணத்தை முதலில் எடுத்து வையுங்கள். எஞ்சியதைத் துணிக்கு, பலகாரத்திற்கு, குடிலுக்கு, ஏழைக்கு எனத் தனித்தனி உறைகளில் இடுங்கள். கைப்பேசியால் பணம் செலுத்துவோர்க்கு இவ்வொழுங்கு இன்னும் தேவை. நோட்டுக் குறைவது கண்ணுக்குத் தெரியும். எண் குறைவது அத்தனை எளிதில் தெரிவதில்லை.

இரண்டாவது, தள்ளுபடியின் கணக்கை அறிந்துகொள்வோம். “50 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு” என்றால் 70 விழுக்காடு அன்று. 1,000 ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும். அந்த 500இல் 20 விழுக்காடு 100. கொடுக்க வேண்டியது 400. தள்ளுபடி 60 விழுக்காடே. “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்பது மூன்றும் தேவைப்படுவோர்க்கு மூன்றில் ஒரு பங்கு இலாபம். ஒன்றே போதுமென்பவர்க்கோ இரட்டிப்புச் செலவு. பொட்டலப் பொருளில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரிகள் யாவும் அடங்கும் என்பதையும் நினைவிற்கொள்க. ரசீது கேட்டுப் பெறுங்கள். குறை நேர்ந்தால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மூன்றாவது, காலம் அறிந்து வாங்குவோம். வேலைநாளின் முற்பகலில் கடைக்குச் சென்றால் நெரிசலின்றித் துணியைப் புரட்டிப் பார்க்க இயலும். வருகிற ஆண்டிலோ ஆடித் தள்ளுபடியிலேயே துணி எடுத்து, தீபாவளி நெருக்கடிக்கு முன்னரே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். டிசம்பரின் பரபரப்பில் பாதி அங்கேயே தீரும்.

இனி, கைகளைப் பற்றிச் சொல்வோம். பனிக்காலக் காற்றில் ஈரப்பதம் குறைவு. அது தோலின் நீரை உறிஞ்சிவிடுகிறது. குளிருக்கு இதமாயிருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க நீரூற்றிச் சோப்பைத் தேய்த்தால், தோலைக் காக்கும் இயற்கை எண்ணெயும் போய்விடும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளியுங்கள். துவாலையால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெயைப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். புட்டியைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

வெடிப்புக்கு வீட்டிலேயே ஒரு களிம்பு செய்யலாம். தேன்மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம். இரண்டையும் ஒரு கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தல் ஆகாது, தீப்பற்றக்கூடும். உருகியதும் உலர்ந்த புட்டியில் ஊற்றி ஆறவிடுங்கள். நம் மலைகளில் தேனெடுக்கும் பழங்குடி மக்களிடமிருந்தே மெழுகை வாங்கினால் அவர்கள் இல்லத்திலும் அடுப்பெரியும். இரவில் பாதங்களைக் கால்மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, களிம்பைத் தடவி, பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். கைகளுக்கும் படுக்குமுன் இதையே தடவலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெடிப்பில் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் படலாகாது, புண்ணை மிகுவிக்கும். நீரிழிவு உடையோர் கால் வெடிப்பைத் தாமே வெட்டவோ சுரண்டவோ கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாமல் மலிவாய் விற்கும் ‘சிவப்பழகு’க் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கக் கண்டிருக்கிறார்கள், அது சிறுநீரகத்தையே கெடுக்கவல்லது. எத்தனை தள்ளுபடி தந்தாலும் அவை நமக்கு வேண்டா. இறைவன் தந்த நிறத்திற்கு எந்தக் குறையும் இல்லை.

1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அங்கே இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும், ஓர் எருதும் ஒரு கழுதையும். நாம் வீடுதோறும் குடில் அமைக்கும் வழக்கத்திற்குத் தூண்டுதலாய் நின்றது அந்த எளிய காட்சியே. எளிமை விழாவின் மகிழ்ச்சிக்கு ஒருபோதும் தடையாய் இருந்ததில்லை.

கணவன்மாரே, பிள்ளைகளே, இவ்வாண்டு உங்கள் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன களிம்பை நீங்களே உருக்கி, கிறிஸ்மஸ் முன்னிரவில், பலகாரம் சுட்டு ஓய்ந்த அம்மாவின் கைகளில் நீங்களே தடவிவிடுங்கள். மறுநாள் காலையில் அந்தக் கைகள் நற்கருணைக்காக நீளும்போது, ஆண்டவரோடு நாமும் அவற்றைக் கண்டு மகிழ்வோம்.