தாடை எலும்பு குறைந்த இடத்தில் பல் பொருத்துதல்

விபத்தில் முன்பற்களை இழந்தவர்களுக்கும், ஈறு நோயால் பற்கள் ஆடி விழுந்தவர்களுக்கும், தாடைக் கட்டி அகற்றப்பட்டவர்களுக்கும் பல்லோடு அதைத் தாங்கிய எலும்பும் குறைந்திருப்பது உண்டு. உடைந்த வயல் வரப்பைப் போல அவ்விடத்தில் பள்ளம் விழும். பல் எடுத்தபின் முதல் ஓராண்டிலேயே எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதி குறையக்கூடும்.

சைபர்ட் என்பவர் 1983இல் வகுத்த முறைப்படி இக்குறையை மூவகையாகப் பிரிக்கிறோம்: அகலம் குறைந்தது, உயரம் குறைந்தது, இரண்டும் குறைந்தது. மூன்றாம் வகைக்குச் சிகிச்சை கடினம். பள்ளத்தைக் கருதாமல் பிரிட்ஜ் பொருத்தினால் பற்கள் நீண்டு தோன்றும். அடியில் உணவு தங்கும். காற்று கசிந்து சொற்கள் குழறும்.

சிகிச்சை முறைகள் பல உள்ளன. கழற்றி மாட்டும் பல்செட்டின் ஈறு நிறப் பகுதி பள்ளத்தை மறைத்து உதட்டையும் தாங்கும், செலவும் குறைவு. ஆண்ட்ரூஸ் பிரிட்ஜில் இருபுறப் பற்களின் உறைகளும் அவற்றை இணைக்கும் உலோகத் தண்டும் நிலையாக இருக்கும். செயற்கைப் பற்களும் ஈறும் சேர்ந்த பகுதியை மட்டும் கழற்றிக் கழுவலாம். ஆனால், உறை போடுவதற்காக அருகிலுள்ள பற்களைச் செதுக்க வேண்டும். இம்பிளாண்ட் வைக்க விரும்பினால், பெரும்பாலும் முதலில் எலும்பு ஒட்டுச் சிகிச்சை தேவைப்படும். ஒட்டிய எலும்பு உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும்.

எது பொருந்தும் என்பதை ஸ்கேன் மட்டும் தீர்மானிப்பதில்லை. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ஒட்டுச் சிகிச்சையின் வெற்றியைக் குறைக்கும். எலும்பு வலுவுக்கான மருந்து உட்கொள்பவர்களும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதனை முன்னதாகவே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். இல்லையெனில் அறுவைப் புண் ஆறாமல் எலும்பே பாதிக்கப்படக்கூடும். எனினும், எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

குடும்பத்தினர் மருந்துச் சீட்டுகளை உடன் கொண்டுவருவதே பேருதவி. கழற்றும் பகுதியை நாள்தோறும் மென்மையான தூரிகையால் கழுவி, இரவில் நீரிலிட்டு வைக்க வேண்டும். வெந்நீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும்.

செலவையும் காத்திருக்க இயலும் காலத்தையும் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். எலும்பு ஒட்டு வேண்டாமெனத் தீர்மானிப்பவர்களுக்கும் மென்று உண்ணவும் தெளிவாகப் பேசவும் வழியுண்டு. அவ்வழியை உங்களுடன் கலந்தே தேர்ந்தெடுக்கிறோம்.