வீட்டுக்குப் புள்ளடி, யாருக்கு ஆசனம்?

2024 நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு என்றிருந்த வேளை. அதற்குள் பதில் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யாழ். மாவட்ட வேட்பாளர் சுமந்திரனைப் பற்றிய ஒரே கேள்வி: “சுமந்திரன் இந்த முறை தப்புவாரா?” கிளிநொச்சி வட்டக்கச்சி வாசகர் ஒருவர் மட்டும் கோபமாக எழுதியிருந்தார்: “நாங்கள் வன்னிக்காரர். யாழ்ப்பாணத்துச் சண்டைக்கு நாங்கள் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?”

கோபம் நியாயம்தான். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சியை யாழ்ப்பாணத்தோடு ஒட்டிவிட்டார்கள். ஆனால் தீர்ப்பு உங்கள் கையிலும் இருக்கிறது, ஐயா.

சுமந்திரனுக்கு ஒட்டிய ‘மிதவாதி’ என்ற பெயர் கொழும்பில் பாராட்டு. இங்கே பாதி வசவு. ஆயுதப் போராட்டத்தை ஏற்கவில்லை என்று 2020 மே மாதம் சிங்களப் பேட்டியொன்றில் சொன்னவர் சுமந்திரன். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைமைக்கான வாக்கெடுப்பில் சக கட்சிக்காரர் சிறீதரனிடம் 137க்கு 184 என்று தோற்றார். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அவர் வேட்பாளர் சஜித் பக்கம், சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் பக்கம். அரியநேத்திரனுக்கு யாழ். மாவட்டத்தில் 116,688 வாக்கு.

ஆசனத்தின் விலை

இனித்தான் சூட்சுமம். 2020இல் இந்த மாவட்டத்துக்கு 7 ஆசனம். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒன்று போனஸ். உறுதியான ஆட்சிக்கு என்பார்கள். வென்றவனுக்கு இனாம் என்று வாசியுங்கள். அது தமிழரசுக் கட்சியின் சின்னமான வீட்டுக்குப் போனது. 5 வீதம் தாண்டிய ஐந்து கட்சிகளின் வாக்கைக் கூட்டி மிச்சமுள்ள ஆறு ஆசனத்தால் வகுத்தால், ஓர் ஆசனத்தின் விலை 49,895. வீட்டுக்கு 112,967 வாக்கு, இரண்டு வாங்கியது. சைக்கிள் சின்னம் 55,303இல் ஒன்று. மீன் சின்னம் 35,927 வாக்கோடு, முழு விலை கொடுக்காமலே, மிச்ச வாக்குக் கணக்கில் ஒன்று எடுத்தது.

வீட்டுக்கு இப்படி மூன்று கிடைத்த பிறகுதான் அதன் வேட்பாளர்களுக்கு விழுந்த விருப்பு வாக்கை எண்ணினார்கள். சிறீதரன் 35,884, சுமந்திரன் 27,834. ஆசனம் மூன்று என்பதால் இரண்டாமிடம் போதுமாயிற்று. 2015இல் சுமந்திரன் எடுத்தது 58,043 என்பதையும் நினைவில் வையுங்கள்.

2024இல் மாவட்டத்துக்கே 6 ஆசனம்தான். போனஸ் வேறு கட்சிக்குப் போய், வீட்டுக்கு ஒன்றே மிஞ்சினால், இரண்டாமிடத்துக்கு மதிப்பில்லை. சுமந்திரனை விரும்பும் சைக்கிள்காரர் கட்சி மாறாமல் உதவ வழியில்லை. வீட்டுக்குப் புள்ளடி போட்டு, சிறீதரனின் இலக்கத்துக்கு மட்டும் விருப்பு வாக்களிக்கும் கிளிநொச்சி வாக்காளரோ, வீட்டின் ஆசனத்தைக் கூட்டுகிறார். சுமந்திரனைக் கீழே தள்ளுகிறார். எதிராளி பக்கத்து வளவில் இல்லை, அதே கூரையின் கீழ் இருக்கிறார். இதைத்தான் ‘வாக்காளர் சுதந்திரம்’ என்கிறார்கள்.

மற்றக் கேள்விகள்

மூன்று விருப்பு வாக்கும் கட்டாயமா? இல்லை, ஒன்றை மட்டும் போட்டால் அவருக்குத்தான் பலம்.

ஒன்றுமே போடாவிட்டால்? கட்சி வாக்கு செல்லும்.

மூன்றுக்கு மேல்? கட்சிக்குச் சேரும், விருப்பு வாக்குகள் வீண்.

1, 2, 3 என்று எழுதலாமா? வேண்டாம், அது ஜனாதிபதித் தேர்தல் பழக்கம். இங்கே புள்ளடி மட்டும்.

தோற்றவர் பின்கதவால் வரலாமா? தேசியப் பட்டியல் இருக்கிறது. சுமந்திரன் 2010இல் முதன்முதல் பாராளுமன்றம் போனதும் அந்த வழியாகத்தான்.