மைசூர் பாகின் கண்களும் மெத்தையின் விறைப்பும்

மைசூருவின் சயாஜி ராவ் சாலையில் கெட்டி மைசூர் பாகு ஒன்று வாங்கி, உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணு கண்ணாகத் துளைகள் தெரியும். ஃபோம் மெத்தையை நுண்ணோக்கியில் பார்த்தாலும் இப்படித்தான் அறை அறையாக இருக்கும். அமுக்கினால் அது எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது பெரிதும் அந்தக் கண்ணறைகளின் கையில். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா, நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் இந்த இனிப்பை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

கண் பிறப்பது எப்படி?

கம்பிப் பதப் பாகில் கடலை மாவைக் கிளறி, காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது பாகு பொங்கிப் பூக்கிறது. பாகிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழியிடுகிறது. ஆறும்போது சர்க்கரை இறுகி, குமிழிச் சுவர்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. பாலியுரிதேன் மெத்தையில் ஆவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து அது கிளம்ப, சுற்றியுள்ள பாலிமர் இறுகுகிறது.

ஈர்க்குச்சி சொல்லும் கணக்கு

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரு முனையையும் பிடித்து இழுங்கள், நீளவே நீளாது. நடுவில் விரலை வைத்து அழுத்துங்கள், உடனே வளையும். மெத்தை நுரைக்குள் இருப்பது இப்படிப்பட்ட மெல்லிய தண்டுகளின் வலை. நாம் உட்காரும்போது அவை வளைகின்றன. தண்டின் தடிமன் பாதியானால் பொருள் கால்பங்காகிறது. வளைவை எதிர்க்கும் திறனோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் நுரையின் கனஅளவில் 10 சதவீதம் மட்டுமே பாலிமர் என்றால், விறைப்பு கெட்டிப் பாலிமரில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1980களில் வகுத்த கணக்கு இது. பொருளின் பங்கும் அறையின் வடிவமும் மாறாதவரை, கண் சிறிதா பெரிதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பூரியும் தெர்மாகோலும்

பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் அறைகள் திறந்தவை. அமுக்கினால் காற்றும் தண்ணீரும் வெளியே ஓடிவிடும். தெர்மாகோலின் அறைகள் உப்பிய பூரி போல மூடியவை. பூரியைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட ஆவி. தெர்மாகோலில் காற்றைவிடச் சுவர்ப் படலமே அதிகம் உழைக்கிறது: அமுக்கும்போது படலம் இழுபடுகிறது, இழுவையை அது எளிதில் விட்டுக்கொடுக்காது. கனஅளவில் சுமார் 98 சதவீதம் காற்றாக இருந்தும் தெர்மாகோல் விறைத்து நிற்பதில் இதற்குப் பங்குண்டு.

எந்தப் பக்கம் அமுக்குகிறோம்?

நுரை மேல்நோக்கிப் பொங்கி எழும்போது அறைகளும் அந்தத் திசையில் நீண்டுவிடும். நெட்டுக்குத்தாக அமுக்கினால் விறைப்பு கூடுதல், பக்கவாட்டில் குறைவு.

கடைசியாக, சுவர்

நெய் ஒழுகும் மெது பாகில் கண்கள் மிகக் குறைவு. அப்படியென்றால் அதுதானே கெட்டியாக இருக்க வேண்டும்? ஆனால் வாயில் கரைகிறது, ஏனென்றால் அங்கே நெய் தோய்ந்த மாவே இளகியது. அறை எப்படி அமைந்தாலும் சுவரின் குணம் கூடவே வரும். ஆகவே மெத்தை வாங்கும்போது எத்தனை அங்குலம் என்பதோடு நிறுத்தாமல், ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்றும் கேளுங்கள். பிறகு உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். அடர்த்தி சொல்லாத சுவரின் குணத்தைக் கை சொல்லிவிடும்.