நிரபராதிக்குத் தூக்கு: பிழை எங்கே தொடங்குகிறது?

2003 ஜூன் 5 இரவு மகாராஷ்டிரத்தின் நாசிக் அருகே ஒரு குடும்பத்தின் குடிசைக்குள் கொள்ளைக் கும்பல் புகுந்தது. ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். தாயும் ஒரு மகனும் மட்டும் காயங்களுடன் பிழைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, காவல் துறையின் பழைய குற்றவாளிகள் ஆல்பத்திலிருந்து நான்கு பேரின் படங்களை அந்தத் தாய் அடையாளம் காட்டினார். அந்த நால்வர் மீது வழக்கு பாயவில்லை. நாடோடிப் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த வேறு ஆறு ஏழைகள் கைதானார்கள்.

2006இல் நாசிக் அமர்வு நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை உறுதிசெய்து, மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பிறகு அதே உச்ச நீதிமன்றம் 2018இல் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, மேல்முறையீட்டை மீண்டும் விசாரித்து, 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரையும் விடுதலை செய்தது. அதற்குள் சுமார் 16 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

ஆல்பத்தில் அந்தத் தாய் யாரைக் காட்டினார் என்ற விவரம், சம்பவம் நடந்த அதே வாரத்தில் பதிவானது. விடுதலைக்கு முக்கியக் காரணமாக அமைந்தது அந்தப் பழைய பதிவுதான். மூன்று அடுக்கு நீதிமன்றங்களைத் தாண்டிய பிறகே அதற்கு உரிய கவனம் கிடைத்தது. தவறான தண்டனைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. பிழை காவல் நிலையத்தில் முதல் சில நாட்களில் நுழைகிறது. மேலே உள்ள ஒவ்வொரு நீதிமன்றமும் அங்கே உருவான கோப்பை நம்பியே அடுத்த படிக்குப் போகிறது.

கோப்பு எப்படிக் கெடுகிறது?

முதலாவது, அடையாளம் காட்டுதல். இருட்டில், உயிர் பயத்தில், சில நிமிடம் பார்த்த முகத்தை நினைவில் வைத்திருப்பது கடினம். கைதானவரைச் சாட்சி முன்கூட்டியே பார்த்துவிட்டாலோ, நாளிதழில் படம் வந்துவிட்டாலோ, அதன்பின் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லை. சாட்சி பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. நேர்மையாகவே தவறான ஆளைக் காட்டலாம்.

இரண்டாவது, வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று பழைய சாட்சியச் சட்டமும் சொன்னது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் சொல்கிறது. ஆனால், கைதானவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியமாகும். இந்த விதிவிலக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. புதரிலிருந்து கத்தி எடுத்ததாக மகஜர் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், ஏற்க முடியாத வாக்குமூலத்தின் ஒரு பகுதி நீதிமன்றத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தக் கத்தி உண்மையிலேயே அங்கே இருந்ததா, அவர்தான் காட்டினாரா என்பதைக் கடுமையாகச் சோதிக்காத இடத்தில் நிரபராதி மாட்டிக்கொள்கிறார்.

அறிவியல் காப்பாற்றாதா?

மரபணுச் சோதனை வந்துவிட்டால் பிழைக்கே இடமில்லை என்று பலர் நினைக்கிறோம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கு அப்படியில்லை என்று காட்டியது. அதில் கைதான ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மரபணு மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த கோளாறுகளும், ஆய்வகத்துக்கு அனுப்புவதில் நேர்ந்த தாமதமும் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாததாக்கின.

அதே தீர்ப்பில் நாடு முழுவதற்குமான விதிகளையும் நீதிமன்றம் வகுத்தது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது தடய அறிவியல் ஆய்வகத்தைச் சேர வேண்டும். எடுத்த நிமிடம் முதல் வழக்கு முடியும்வரை யார் கையில் இருந்தது என்பதற்குப் பதிவேடு வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி முத்திரையை உடைக்கக் கூடாது. ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அங்கே போய்ச் சேரும் பொட்டலம் சுத்தமாக இருந்தால்தான் முடிவுக்கு மதிப்பு.

13 நாளில் தூக்கு

கொடூரமான குற்றம் நடந்ததும் ‘உடனே தூக்கில் போடு’ என்ற குரல் எழுகிறது. அந்த வேகம் என்ன செய்யும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் நடந்த வழக்கு சான்று. 2013இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்றைக்கே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். கோப்பைப் படிக்கவோ கட்சிக்காரரிடம் பேசவோ அவருக்கு நேரம் இல்லை. 13 நாளில் விசாரணை முடிந்து தூக்குத் தீர்ப்பு வந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2024இல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். 13 நாளில் முடிந்த வழக்கின் பிழையைத் திருத்த 11 ஆண்டுகள் ஆயின.

ஆயுள் அல்லது தூக்கு விதிக்கத்தக்க வழக்குகளில் சட்ட உதவி வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்ற விதி அந்த 2019 தீர்ப்பில் பிறந்தது.

வெளியே வந்தவருக்கு என்ன கிடைக்கிறது?

சட்டப்படி, ஏறக்குறைய ஒன்றுமில்லை. காரணமின்றிக் கைதானவருக்கு, கைதுக்குக் காரணமானவரிடமிருந்து வாங்கித் தரக்கூடிய இழப்பீட்டுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வைத்திருக்கும் உச்சவரம்பு 1,000 ரூபாய். மற்றதெல்லாம் நீதிபதிகளின் மனதைப் பொறுத்தது. பிஹாரில் 1968இல் விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு உச்ச நீதிமன்றம் 1983இல் 35,000 ரூபாய் தந்தது. பொய்யான உளவு வழக்கில் 1994இல் கைதான, நாகர்கோவிலைச் சேர்ந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் 50 லட்சம் ரூபாய் தந்தது. தூக்கு மேடை நிழலில் இருந்த நாசிக் வழக்கின் ஆறு பேருக்குத் தலா 5 லட்சம். இந்தத் தொகைகளுக்கு இடையே எந்தக் கணக்கும் இல்லை. ஏனென்றால், எந்தச் சட்டமும் இல்லை.

ஜெர்மனியில், தவறாகச் சிறையில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் 75 யூரோ என்று சட்டமே வரையறுக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் டாலர் வரை. இந்தியச் சட்ட ஆணையமும் 2018 ஆகஸ்ட்டில் தந்த 277ஆவது அறிக்கையில், தவறாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2023இல் குற்றவியல் சட்டங்கள் முழுவதும் மாற்றி எழுதப்பட்டபோது அந்தப் பரிந்துரைக்கு இடம் கிடைக்கவில்லை.

இனி என்ன வேண்டும்?

காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் இட்ட உத்தரவு ஒவ்வொரு நிலையத்திலும் நிறைவேற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் புலனாய்வில் கிடைத்தால், அதையும் நீதிமன்றத்தில் வைக்காத அதிகாரி பதில் சொல்ல வேண்டும். இழப்பீட்டைச் சட்டபூர்வ உரிமையாக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும்.

இவை கொலையாளிகளுக்கான சலுகை அல்ல. தவறான ஆள் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் உண்மையான ஆள் வெளியே நடமாடுகிறார்; கொல்லப்பட்டவரின் குடும்பமும் ஏமாற்றப்படுகிறது. அடுத்த கொடூரம் நம்மைக் கொதிக்க வைக்கும் நாளில், ‘சீக்கிரம் தூக்கு’ என்று கேட்பதற்கு முன், ‘சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்களா’ என்று கேட்போம். கொல்லப்பட்டவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய முதல் கடன் அதுதான்.