சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் மாதாமாதம் மாநிலவாரியாக வெளியாகும் வேலைவாய்ப்புக் கணக்கில் நீளமான பெயர் கொண்ட ஒரு பிரிவு உண்டு: ‘நிர்வாகம், துணைப்பணிகள், கழிவு மேலாண்மை, மாசு நீக்கம்’. தொழில் வகைப்பாட்டில் அதன் எண் 56. பெயரைப் பார்த்தால் குப்பை லாரிதான் கண்முன் வரும். ஆனால் நாடு முழுவதும் இந்தப் பிரிவில் உள்ள சுமார் 90 லட்சம் வேலைகளில் கழிவு சார்ந்தவை ஏறத்தாழ 5 லட்சம்தான்.

மற்றவர்கள் யார்? அலுவலகங்களை இரவில் கூட்டித் துடைப்பவர்கள், செக்யூரிட்டி காவலர்கள், கால் சென்டர் ஊழியர்கள், கடன் வசூலிப்பவர்கள், புல் வெட்டுபவர்கள், பூச்சிமருந்து அடிப்பவர்கள். இவர்களோடு, ஏஜென்சி மூலம் தற்காலிக வேலைக்கு அனுப்பப்படும் பெருங்கூட்டம். ஒரு நிறுவனம் தானே செய்யாமல் வெளியே கொடுத்துவிடும் வேலைகள் பலவும் இங்கே வந்து சேர்கின்றன. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து 1997-இல் கொண்டுவந்த வகைப்பாடு இது.

எண்ணும் முறை எளிது. மத்தியத் தொழிலாளர் புள்ளியியல் துறை, மாநிலங்களோடு சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும் கேட்கிறது: மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தில் உங்கள் பட்டியலில் எத்தனை பேர்? எண்ணப்படுவது வேலை, ஆள் அல்ல. பகலில் ஒரு கம்பெனியிலும் இரவில் இன்னொன்றிலும் துடைப்பவர் இரண்டாகக் கணக்கில் வருவார். சுயதொழில் செய்பவர் வரவே மாட்டார்.

இந்த எண்களைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு மருத்துவமனை தன் துப்புரவுப் பணியை கான்ட்ராக்டுக்கு விட்டால், மருத்துவத் துறையில் வேலை குறைந்ததாகவும் இங்கே கூடியதாகவும் பதிவாகும். அதே மாடி, அதே ஆட்கள். மாறியது சம்பளச் சீட்டின் தலைப்பு மட்டும். பெரும்பாலும் அதோடு சலுகைகளும். கார் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று பொருத்தும் தற்காலிகத் தொழிலாளியும் உற்பத்தித் துறையில் எண்ணப்படுவதில்லை, இங்கேதான்.

குப்பையிலும் இதே கதை. நியூயார்க் நகரில் வீட்டுக் குப்பையை அள்ளுபவர்கள் மாநகர ஊழியர்கள்; அவர்கள் உள்ளாட்சி அரசின் கணக்கில் போய்விடுவார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அள்ளுவது தனியார் நிறுவனம். அங்குள்ளவர்கள் இந்தப் பிரிவில் வருவார்கள். ஆகவே இரு மாநிலங்களை அருகருகே வைத்து, ‘அங்கே துப்புரவுப் பணியாளர் அதிகம்’ என்று சொல்லிவிட முடியாது. 1968-இல் மெம்ஃபிஸ் நகரில் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இருவர் இறந்தபின் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகம் அறிந்த அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் நகர நிர்வாகத்தின் ஊழியர்கள். இன்றைய விதிப்படி எண்ணினால் அவர்களில் ஒருவரும் இந்தப் பிரிவில் இருக்கமாட்டார்.

பிறகு ஏன் இதைக் கவனிக்கிறார்கள்? தற்காலிகப் பணியாளர்களுக்காக. ஆர்டர் குறையும் வாடை அடித்தால் முதலாளி முதலில் நிறுத்துவது இவர்களைத்தான். பொருளாதார மந்தத்தின் முன்னறிகுறியாக இந்த எண்ணைப் பார்ப்பது அதனால்தான். ஆனாலும் 2022-இல் உச்சம் தொட்டபின் இது இரண்டு ஆண்டுக்கு மேல் சரிந்தது. நாட்டின் மொத்த வேலைகளோ கூடிக்கொண்டே போயின. எதிர்பார்த்த மந்தம் வரவில்லை. இந்த ஒரு கோட்டை மட்டும் நம்பி ஆரூடம் சொல்லக் கூடாது.

பருவமும் உண்டு. மின்னசோட்டா போன்ற பனி மாநிலங்களில் தோட்ட வேலை குளிர்காலத்தில் சுருங்கி வசந்தத்தில் விரியும். அதனால் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட, பருவ மாற்றம் நீக்கப்பட்ட எண்ணையே எடுக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை பழைய எண்களும் திருத்தப்படும்.

முடிந்தால் கழிவுப் பணியையும் தற்காலிகப் பணியையும் தனித்தனியாகப் பாருங்கள். சிறிய மாநிலங்களுக்கு உட்பிரிவுகள் மாதந்தோறும் கிடைப்பது அரிது. அங்கே கைகொடுப்பது, வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படும் காலாண்டுக் கணக்கு. அது பல மாதம் தாமதமாகத்தான் வரும்; ஆனால் நாட்டின் 95 விழுக்காட்டுக்கும் மேலான வேலைகளை உள்ளடக்கி, கவுண்டி வரை இறங்கிக் காட்டும்.